கடத்தூர் வட்டாரத்தில் மகரந்தச் சேர்க்கை: கொடிக்காலும் கரடும்

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ள கடத்தூர், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வெற்றிலைச் சந்தைக்கும் பெயர்பெற்ற பேரூராட்சியாகும். சேர்வராயன், சித்தேரி, வத்தல்மலை ஆகிய மலைகளுக்கு அணுக்கமாக அமைந்த இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிமீட்டர் வரையே மழை பெய்வதால், கிணற்றுப் பாசனமுள்ள இடங்களில் வெற்றிலை, கரும்பு, மஞ்சள், மரவள்ளி, பாக்கு, தென்னை, பூச்செடிகள் ஆகியனவும், மானாவாரி நிலங்களில் ராகி, சாமை, சோளம், கொள்ளு, துவரை, அவரை, பேயெள் ஆகியனவும், இவற்றுக்கு இடையே மாந்தோப்பும் புளியமரமும் சீத்தாப் புதரும் என நிலம் பல்வகைப்பட்டுக் கிடக்கிறது. இத்தகைய வேளாண்மை மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிரினங்களை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது, அச்சார்பு எந்தப் பயிர்களிடத்தும் எந்த நிலங்களிடத்தும் குவிந்துள்ளது என்ற வினாவே இக்கட்டுரையின் பொருள்.

மகரந்தச் சேர்க்கை என்பது பூவின் ஆண் உறுப்பான மகரந்தப்பையிலிருந்து வெளிப்படும் மகரந்தத் தூள் பெண் உறுப்பின் நுனியாகிய சூல்முடியைச் சென்று சேர்வதாகும். ஒரே பூவிலோ ஒரே செடியின் பூக்களுக்குள்ளோ இது நிகழ்ந்தால் தன்மகரந்தச் சேர்க்கை என்றும், ஒரு செடியின் தூள் அதே இனத்தின் வேறொரு செடியை அடைந்தால் அயல்மகரந்தச் சேர்க்கை என்றும் அழைக்கப்படும். செடியால் இடம்பெயர இயலாது என்பதால், அயல்மகரந்தச் சேர்க்கைக்குக் காற்றோ நீரோ விலங்கோ துணைபுரிய வேண்டும். பூவின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை அழைப்பதற்காகவே அமைந்தவை என்பதைச் செருமானிய அறிஞர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கெல் 1793-இல் ஒரு பெருநூலாக எழுதியபோது அதற்கு வரவேற்பு இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துச் சார்லஸ் டார்வின் எடுத்தாண்ட பிறகே அந்நூல் மதிப்புப் பெற்றது. பூக்கும் தாவர இனங்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு விலங்குகளின் வழியாகவே மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன என்று 2011-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது.

பயிர்களைப் பற்றிய கணக்கு இதைவிடச் சிக்கலானது. உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 87 பயிர்கள் ஏதேனும் ஓர் அளவில் விலங்குகளைச் சார்ந்துள்ளன என்று கண்டது. ஆனால் விளைச்சலின் எடையைக் கொண்டு பார்க்கும்போது அப்பயிர்களின் பங்கு 35 விழுக்காடு மட்டுமே என்றும், ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குத் துணை தேவைப்படாத பயிர்களிலிருந்தே கிடைக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் எண் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. இரண்டாவது எண் ஒலிப்பதில்லை. தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக உலவும் கூற்றுக்கு அவருடைய எழுத்திலோ பேச்சிலோ சான்று ஏதும் கிடைத்ததில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம். தேனீயின் சிறப்பை நிலைநாட்ட மிகைக்கூற்று தேவையில்லை. எது சார்ந்துள்ளது, எது சாரவில்லை என்று பிரித்தறிவதே பயன் தருவது.

அவ்வாறு பிரித்துப் பார்த்தால் கடத்தூரின் பாசன நிலங்கள் பெரும்பாலும் பூச்சிகளின் கடனாளிகள் அல்ல. கரும்பு கரணையிலிருந்தும், மஞ்சள் கிழங்கிலிருந்தும், மரவள்ளி தண்டுக் குச்சியிலிருந்தும் வளர்க்கப்படுகின்றன; இவற்றில் மனிதன் எடுத்துக்கொள்ளும் உறுப்பு கனியோ விதையோ அன்று. வெற்றிலைக்கொடி ஆண், பெண் என இரு வேறு கொடிகளாக அமைந்த இனமாயினும், விவசாயி அதைக் கொடித்துண்டை நட்டே பெருக்குவதால் அது பூப்பதோ காய்ப்பதோ அவருக்குப் பொருட்டல்ல. பாக்கு மரத்தில் ஒரே பாளையில் ஆண் பூக்கள் முதலிலும் பெண் பூக்கள் பின்னரும் மலர்வதால் வேறு மரத்தின் தூள் வந்தாக வேண்டும் என்றாலும், அதைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆகத் தாம்பூலத் தட்டு பூச்சிகளின் துணையின்றியே நிரம்பிவிடுகிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கொடி ஏறுவதற்குக் கொடிக்காலில் நெருக்கமாக விதைக்கப்படும் அகத்தி விதையிலிருந்தே முளைக்க வேண்டியது. வளைந்த பெரிய பூவின் அடியில் தேனைத் தேக்கி வைத்திருக்கும் அம்மரத்துக்குத் தேன்சிட்டு முதலிய பறவைகள் மகரந்தத் தூதர்களாக வருகின்றன. பூச்சியைச் சாராத பயிரின் அடியிலும் இப்படி ஒரு சார்பு மறைந்து நிற்கிறது.

தானியங்களின் நிலையும் இதை ஒத்ததே. நெல், ராகி, சாமை ஆகியவை தன்மகரந்தச் சேர்க்கை உடையவை; சோளமும் பெரும்பாலும் அத்தகையது; கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் காற்றே போதும். கொள்ளும் நிலக்கடலையும் பூ விரியும் முன்னரோ விரியும் வேளையிலோ தம் தூளைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே பூச்சிகள் குறைந்தால் கடத்தூரின் களியும் சோறும் உடனே குறைந்துவிடா. குறையப்போவது குழம்புக்குப் புளி, பொரியலுக்குக் காய், பிள்ளைகளுக்குப் பழம், தாளிக்க எண்ணெய் ஆகியவை. அவற்றோடு, பாசன வசதியற்ற குடும்பங்களின் கையில் புழங்கும் காசும் குறையும்.

இவற்றுள் புளி தனியே எடுத்து ஆராயத் தக்கது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் உழவும் உரமும் நீரும் கேளாமல் தலைமுறை தலைமுறையாகப் பலன் தரும் மரம் அது. தேன்கனிக்கோட்டை அருகிலுள்ள உரிகம் என்னும் ஊரின் பெயரிலேயே நீண்ட காய்களையுடைய ஒரு புளி வகை அறியப்படுகிறது. கோடை மழைக்குப் பின் தளிரோடு சேர்ந்து வரும் புளியம்பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெளிர்மஞ்சள் இதழ்களின்மேல் செந்நிற நரம்புகள் ஓடுவதையும், ஐந்து இதழ்களில் மூன்றே நன்கு வளர்ந்திருக்க மற்ற இரண்டும் நூல்போல் சுருங்கிக் கிடப்பதையும், வளமான மகரந்தத் தண்டுகள் மூன்று மட்டும் இருப்பதையும், சூல்தண்டு அவற்றைவிட்டு விலகி வளைந்து நிற்பதையும் காணலாம். சொந்த மகரந்தத்தால் அரிதாகவே காய்பிடிக்கும் இம்மரத்துக்கு வேறொரு புளியமரத்தின் தூள் வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவருபவை மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ முதலியவை. சாலையின் இருமருங்கிலும் புளியமரங்கள் வரிசையாக நின்ற காலத்தில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு இத்தூதுக்குத் தடையிருக்கவில்லை. சாலை அகலப்படுத்தலுக்காக அவ்வரிசைகள் வெட்டப்படும்போது இழப்பு, வெட்டிய மரங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சித் தனித்து நிற்கும் மரத்துக்கு இணைமரம் தொலைவில் போய்விடுவதால் பூத்தும் அதன் காய்ப்பு சுருங்கக்கூடும். வெட்டிய மரங்களின் ஏலத்தொகையைக் கணக்கிடும் அலுவலகக் குறிப்புகளில் இந்த இழப்புக்கு இடமில்லை.

மாமரத்தில் தூது செல்வோர் வேறு. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை பூக்கள் இருப்பினும் அவற்றுள் பெரும்பகுதி ஆண் பூக்களே. எஞ்சிய இருபாற் பூக்களிலும் பொதுவாக ஒரே ஒரு மகரந்தத் தண்டுதான் வளமுடையது. நூறு பூவுக்கு ஒரு கனிகூட முற்றி நிற்பதில்லை. தூள் பிசுபிசுப்பானது என்பதால் காற்று அதை அதிகம் சுமப்பதில்லை. அதோடு இந்திய மா வகைகளில் பல, தம் வகையின் தூளை ஏற்க மறுக்கும் இயல்புடையவை. தேனீக்கள் இப்பூவை நாடினாலும், இங்கே பெரும்பங்கு ஆற்றுபவை ஈக்கள்: நீல ஈ, பச்சை ஈ, வீட்டு ஈ, பூவின்முன் அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் மிதவை ஈ ஆகியன. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் மா வளர்ப்போர் சிலர் பூக்கும் பருவத்தில் ஈக்களை வரவழைக்க அழுகிய இறைச்சியைத் தோப்பில் வைத்ததுண்டு. சாணக்குவியலையும் குப்பைமேட்டையும் நாடி வளரும் உயிர்தான் அல்போன்சாவையும் செந்தூராவையும் காய்க்க வைக்கிறது என்பது பலருக்கு உவப்பாக இராது. ஆயினும் உண்மை அதுவே. மிதவை ஈயின் புழுக்களில் பல அசுவினியைத் தின்று வாழ்பவை என்பதால், அந்த ஈ விவசாயிக்கு இரு வகையில் உதவுகிறது.

வண்டினத்தின் பங்குக்குச் சீத்தாப்பழம் தக்க சான்று. கரடு எனப்படும் சிறு குன்றுகளின் பாறையிடுக்கில் யாரும் நடாமல் முளைத்துக் கிடக்கும் சீத்தாவின் பூ, தலைகீழாகத் தொங்கும் தடித்த மூன்று பசிய இதழ்களால் ஆனது. அது முதலில் பெண் நிலையில் இருக்கும். அப்போது பழுத்த கனியின் மணத்தை வீசி, கடுகளவான சிறு வண்டுகளை இதழ்களுக்குள் ஈர்க்கும். பின்னர் ஆண் நிலைக்கு மாறித் தூளை உதிர்க்கும்போது அவ்வண்டுகள் உடம்பெல்லாம் தூளுடன் வெளியேறி, பெண் நிலையில் உள்ள வேறொரு பூவுக்குள் நுழையும். சீத்தாப்பழத்தின் மேற்பரப்பில் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகத்திலிருந்து வளர்ந்தது. எந்தச் சூலகத்துக்குத் தூள் கிடைக்கவில்லையோ அந்த இடம் வளராமல் பள்ளமாகிப் பழம் கோணிவிடும். சந்தைக்கு வரும் கோணல் பழத்தைப் பார்த்தே வண்டு வந்த அளவை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

தேனீ என்றதும் பெட்டித் தேனீயையே நினைக்கும் வழக்கம் எவ்வளவு குறுகியது என்பதை ஆவாரம்பூ காட்டும். கடத்தூர்ச் சுற்றுவட்டாரத்தின் தரிசெங்கும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையில் தேன் இல்லை. தூள் மட்டுமே உண்டு. அத்தூளும் வெடித்து உதிராமல், மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு என்று ஊரார் அழைக்கும் தச்சுத்தேனீ அந்தப் பூவைக் கால்களால் இறுகப் பற்றி, இறக்கைகளை அடிக்காமலே இறக்கைத் தசைகளை மட்டும் துடிக்கச் செய்யும். பறக்கும்போது எழும் ஒலியைவிடக் கூர்மையான ஓர் ஒலி அப்போது கேட்கும். அந்த அதிர்வில் தூள் துளை வழியாகப் பீறிட்டு அதன் உடலில் படியும். இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். குட்டையான தண்டுகளின் தூளைத் தேனீ உணவாகச் சேர்த்துக்கொள்ள, நீண்ட தண்டுகளின் தூள் அதன் கால் எட்டாத இடத்தில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் இதே அமைப்புடையவை. தக்காளி காற்றின் ஆட்டத்தாலேயே ஓரளவு காய்க்கும் என்றாலும், அதிர்வூட்டும் தேனீ வந்து சென்ற பூவின் கனி பருமனாகவும் விதை நிறைந்தும் அமைகிறது. அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும் இவ்வித்தையை அறியாதவை. கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் அறிந்தவை. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தை பெரிது என்பது தமிழகம் அறிந்த செய்தி. அதன் பின்னால், பட்ட மரத்தில் துளையிட்டுக் குடியிருக்கும் கருவண்டும் மண்ணில் வளை தோண்டி வாழும் நீலக்கோட்டுத் தேனீயும் உள்ளன.

கூட்டமாக வாழும் தேனீக்களில் நால்வகை இப்பகுதிக்கு உரியவை: உயர்ந்த மரத்திலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ; மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகளை அடுக்கும் அடுக்குத்தேனீ; புதர்க் கிளையில் சிறிய அடை கட்டும் கொம்புத்தேனீ; சுவர் விரிசலில் பிசினால் குழாய் வைத்து வாழும் கொட்டாத கொசுத்தேனீ. இவற்றுள் அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் மட்டுமே பெட்டிக்கும் பானைக்கும் இணங்கும். 1990-களின் தொடக்கத்தில் தாய் பைப்புழு நோய் என்னும் வைரசு நோய் தென்னிந்தியாவில் பரவி, அடுக்குத்தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. அதன்பின் இத்தாலியத் தேனீ வளர்ப்பு இங்கே வேகம் கொண்டது. தேன் உற்பத்தி நோக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் பெட்டி வைப்பதே மகரந்தச் சேர்க்கைக் குறைவுக்கு முழுத் தீர்வு என்று விளம்பரப்படுத்துவது ஏற்கத்தக்கதன்று. பெட்டித் தேனீ ஆவாரையை அதிர்விக்காது, சீத்தாவுக்குள் நுழையாது, இரவில் பூக்கும் பூவிடம் போகாது. பேயெள், துவரை, தென்னை, பூசணி ஆகியவற்றுக்கு அது நல்ல துணை என்பதில் மறுப்பில்லை; குறிப்பாகப் பேயெள் தன் தூளை ஏற்காத செடியாதலால் தேனீ வராத வயலில் மணி பிடிப்பது மிகவும் குறைந்துவிடும்.

இரவுப் பணியாளர் பட்டியலில் முதலிடம் வௌவாலுக்கு உரியது. கோயில் நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் எஞ்சி நிற்கும் இலுப்பை மரம், சதைப்பற்றும் இனிப்பும் உள்ள பூவிதழ்களைப் பழந்தின்னி வௌவாலுக்குக் கூலியாகக் கொடுத்துத் தன் தூளை அனுப்புகிறது. இலவமரத்துக்கும் அதே உயிர்தான் துணை. இத்தகைய உயிரை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எலி, காகம் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் நெடுங்காலம் வைத்திருந்தது வியப்புக்குரியது. பீர்க்கு மாலையிலும், சுரையும் புடலும் அந்திக்குப் பின்னும் மலர்வதால் அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வருகின்றன. மல்லிகையும் வெண்மையாலும் இரவு மணத்தாலும் அந்துப்பூச்சியை நோக்கி அமைந்த பூவே. ஆயினும் குண்டுமல்லி மொக்காக இருக்கும்போதே பறிக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்விடுவதால், ஏக்கர் கணக்கில் மல்லிகை இருந்தும் அந்த நிலத்தில் பூச்சிக்குக் கிடைக்கும் உணவு சொற்பம். பூ விவசாயம் பெருகினால் பூச்சிகளும் பெருகும் என்ற எண்ணம் பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றினும் நடப்பில் பொருந்துவதில்லை.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் ஏற்பாடு இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. பழம் என்று நாம் கருதும் உருண்டையின் உட்சுவரில்தான் இம்மரங்களின் பூக்கள் நெருங்கி அமைந்துள்ளன; ஒவ்வோர் இனத்துக்கும் உரிய மிகச் சிறிய குளவி நுனித்துளை வழியாக உள்ளே புகுந்து, தூளைச் சேர்த்து, முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. அடுத்த தலைமுறைப் பெண் குளவிகள் புதிய தூளுடன் வெளியேறி வேறொரு மரத்தைத் தேட வேண்டும்; அவை வாழ்வது ஓரிரு நாள் மட்டுமே. கோடையில் வேறு பழமில்லாத காலத்திலும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் உணவு தரும் இம்மரங்கள் ஆண்டு முழுவதும் முறைமாறிக் காய்ப்பதற்கு இக்குளவிகளின் தேவையே ஒரு காரணம்.

மேற்சொன்னவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கடத்தூரில் மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிர்களில் பெரும்பாலானவற்றின் குடியிருப்பு வயலில் இல்லை. உழப்படாத வரப்பிலும், கரட்டிலும், ஓடைப் புறம்போக்கிலும், பட்ட மரத்திலும், பழைய ஆலமரத்திலும் இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு, கல்லாங்குத்து என்று குறிக்கப்படும் நிலங்கள் இவை. கல் உடைப்புக்காகக் கரடு குடையப்படும்போதும், களைக்கொல்லி அடித்து வரப்பில் இருந்த தும்பையும் கிணற்றுப்பாசானும் கருகும்போதும், அறுவடைக்கும் அடுத்த பூப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் பூச்சிகளுக்குக் கிடைத்துவந்த உணவு அறுபடுகிறது. மாமரம் தை மாதத்தை ஒட்டியும் புளி கோடை மழைக்குப் பின்னும் சில வாரங்களே பூக்கும். மீதி மாதங்களில் பூச்சியை உயிரோடு வைத்திருப்பது களை என்று நாம் ஒதுக்கும் செடிகளே. இந்த நோக்கில் சீமைக் கருவேலம்கூட ஒரு சிக்கலான பொருளாகிறது: நிலத்தடி நீருக்கும் மேய்ச்சலுக்கும் கேடு என்று அதை அகற்றக் கோருவோரிடம் நியாயம் உண்டு; ஆனால் வறட்சிக் காலத்தில் தேனும் தூளும் தந்துவந்த மரமும் அதுவே. அதை வேரோடு எடுத்த இடத்தில் புங்கு, வேம்பு, ஆவாரை, நாவல் ஆகியவற்றை நடாமல் விடுவது பாதி வேலையைச் செய்ததாகவே ஆகும்.

நஞ்சின் பங்கு தனி வகை. இமிடாகுளோபிரிட் முதலிய நியோநிக்கோட்டினாய்டு மருந்துகள் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. செடியின் சாற்றோடு கலந்து தூளுக்கும் தேனுக்கும் செல்லக்கூடியவை. கொல்லாத சிறு அளவிலும் தேனீயின் வழியறியும் திறனைக் குலைப்பவை. இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயமெத்தாக்சம் ஆகிய மூன்றையும் திறந்தவெளி வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் தத்துப்பூச்சியை அடக்கப் பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கருக்கிவிடுவதால் மருந்தே கூடாது என்று விவசாயியிடம் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. பூங்கொத்து வெளிவரும் தறுவாயிலேயே ஒரு முறை அடித்துவிட்டு, பூ விரிந்த நாட்களில் நிறுத்திவைப்பதும், தவிர்க்க முடியாதபோது தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப்பொழுதில் அடிப்பதும் வேளாண் அறிஞர்கள் வலியுறுத்தும் முறைகள்.

இவ்வறிவுரை பெரிதும் கடைப்பிடிக்கப்படாததற்கு அறியாமை ஒன்றே காரணம் அன்று. மாந்தோப்புகளில் பல பூக்கும் முன்னரே குத்தகைக்கு விடப்படுகின்றன. எந்த மருந்தை, எப்போது, எத்தனை முறை அடிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் தோப்பின் உரிமையாளர் அல்லர், அந்த ஆண்டுக் காய்ப்பை மட்டும் விலைபேசி எடுத்த குத்தகைதாரர். அடுத்த ஆண்டு அதே தோப்பு அவருக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோது, அங்குள்ள ஈயும் தேனீயும் பிழைத்திருப்பதில் அவருக்கு ஆதாயம் ஏதும் இல்லை. மருந்துக்கடைக்காரர் சொல்லும் கலவையை நடுப்பகலில் அடித்துவிட்டு அவர் நகர்கிறார். உரிமையாளரோ குத்தகைத் தொகையோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். குத்தகையை ஓராண்டிலிருந்து மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நீட்டுவதும், பூ விரிந்த நாட்களில் மருந்தடிப்பதில்லை என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் அரசாணை எதுவும் வேண்டாத நடவடிக்கைகள். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்ற அமைப்புகள் விவசாயிகளைப் போலவே குத்தகைதாரர்களையும் பயிற்சிக்கு அழைப்பது இதற்கு முதற்படியாக அமையும்.